கை வைக்கும் முன்

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் காது, மூக்கு, தொண்டை மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எதைப் பற்றிப் பேசப் போகிறீர்கள் என்று செயலாளர் போனில் கேட்டார். "தொண்டைக் கல், காதுக் கல், மூக்குக் கல்" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அழைப்பிதழ் வந்தபோது 'மருத்துவமும் மனித நேயமும்' என்று அச்சாகியிருந்தது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். மாரடைப்பு, சர்க்கரை, புற்றுநோய் என்றால் தலைப்புக்கே ஒரு கம்பீரம் வந்துவிடுகிறது. வாயில் நாற்றம், காதில் குறும்பி, மூக்கில் புளியங்கொட்டை என்பதற்கெல்லாம் மண்டபம் பிடித்து மைக் கட்டுவார்களா? ஆனால் என் அறைக்கு வெளியே பெஞ்சில் காத்திருக்கிறவர்களில் பாதிப் பேர் கம்பீரமான வியாதிக்காரர்கள் இல்லை. வீட்டில் சொன்னால் சிரிப்பார்கள், டாக்டரிடம் சொன்னால் இதற்கா வந்தாய் என்பார் என்று பயந்து, பல மாதம் மறைத்துவைத்திருந்து வருகிறவர்கள். மறைத்துவைத்திருந்த காலத்தில் சும்மாவும் இருப்பதில்லை. ஹேர்பின், தீக்குச்சி, காய்ச்சிய எண்ணெய் என்று கையில் கிடைத்ததை வைத்து ஒரு வைத்தியம் பார்த்திருப்பார்கள். வியாதி செய்ததைவிட அந்தக் கை செய்த கெடுதலுக்குத்தான் நான் அதிகம் மருந்து எழுதுகிறேன். இன்று பேசப்போவது அந்தக் கையைப் பற்றித்தான்.

மளிகைக் கடை அண்ணாச்சி ஒருவர் வந்தார். உள்ளே வந்ததும் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்துத் திறந்தார். உள்ளே பஞ்சு. பஞ்சின் நடுவில், உடைத்த துவரம்பருப்பில் பாதி இருக்கும், வெளிர் மஞ்சளாக, ஒரு பக்கம் சொரசொரப்பாக ஒன்று.

"காலைல காறித் துப்பும்போது வந்து விழுந்துச்சு சார். கேன்சரா?"

"நசுக்கிப் பாத்தீங்களா?"

"இதோட வந்த இன்னொண்ண நசுக்கினேன்." மூக்கைச் சுளித்தார். "பொண வாடை சார். சாப்பாடே எறங்கல."

அந்த வாடையைக் கேட்டதும் எனக்கு வியாதி தெரிந்துவிட்டது. டான்சில் கல். புற்றுநோய்க்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பெரியவர்களில் எத்தனையோ பேருக்கு இருக்கிறது. பலருக்கு இருப்பதே தெரியாது. வேறு எதற்கோ சி.டி. ஸ்கேன் எடுக்கும்போது தொண்டைப் பக்கம் வெள்ளைப் பொட்டுகளாகத் தெரியும். ஸ்கேன் ரிப்போர்ட்டில் அது ஒரு வரி வரும். அந்த வரியைப் படித்துவிட்டுத் தூக்கம் கெட்டவர்களும் உண்டு.

அது எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம். நாக்கின் வேருக்கு இருபுறமும் இரண்டு டான்சில்கள் இருக்கின்றன. மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு, அடிநாக்கில் இருக்கும் திசு எல்லாம் சேர்ந்து தொண்டையின் வாசலைச் சுற்றி ஒரு வளையம். ஜெர்மன் உடற்கூற்றியல் அறிஞர் வால்டயர் 1884-இல் விவரித்ததால் அவர் பெயராலேயே அதைச் சொல்கிறோம். உள்ளே வரும் கிருமிகளை மறித்து, இன்னார் இப்படி இருப்பார் என்று நம் நோய் எதிர்ப்புச் செல்களுக்குக் காட்டிக்கொடுப்பது அந்த வளையத்தின் வேலை. காட்டிக்கொடுக்க வேண்டுமானால் முதலில் பிடித்துவைக்க வேண்டும். அதற்காகவே டான்சிலின் மேல்பரப்பு வழவழப்பாக இல்லாமல் குழிகுழியாக அமைந்திருக்கிறது. ஒன்றில் பத்து முதல் இருபது குழிகள், ஒவ்வொன்றும் உள்ளே கிளை பிரிந்து போகும். புதிதாகக் கொத்திய அம்மியில் மிளகாய் அரைத்தால், எத்தனை தடவை கழுவிவிட்டாலும் குழிக்குள் கொஞ்சம் விழுது தங்கிப் புளித்துப்போகும். இங்கேயும் அதுதான். உதிர்ந்த தோல் செல்கள், சோற்றுத் துணுக்கு, சளி, எச்சில் எல்லாம் குழிக்குள் தங்குகின்றன. காற்றுப் புகாத இடம் என்பதால் ஆக்சிஜன் வேண்டாத பாக்டீரியாக்களுக்குக் கொண்டாட்டம். புரதத்தைத் தின்று அவை ஹைட்ரஜன் சல்பைடையும் மெத்தில் மெர்காப்டனையும் விடுகின்றன. அழுகிய முட்டையில் இருப்பது முன்னது. அழுகிய முட்டைக்கோசில் இருப்பது பின்னது. அண்ணாச்சிக்குச் சாப்பாடு இறங்காததில் வியப்பில்லை. எச்சிலில் இருக்கும் கால்சியம் அந்தத் திரளின் மேல் மெதுவாகப் படிந்து இறுக, அது கல்லாகிறது.

கல் என்கிறோமே தவிர அது செத்த பொருள் இல்லை. 2009-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நோயாளிகளிடமிருந்து எடுத்த டான்சில் கற்களுக்குள் மிக நுண்ணிய மின்முனைகளைச் செருகிப் பார்த்தார்கள். வெளி அடுக்கில் இருக்கும் பாக்டீரியாக்கள் ஆக்சிஜனைச் சுவாசிக்கின்றன. நடுவில் இருப்பவை நைட்ரேட்டைக் கொண்டு பிழைக்கின்றன. அடியில் அமிலத்தன்மை கூடிக்கொண்டே போகிறது. பல்லில் படியும் காரையும் இதே குடும்பம்தான். ஒரு கல்லை எடுத்தால் சில வாரத்தில் இன்னொன்று ஏன் வருகிறது என்பதற்கு இதுவே பதில். குழி இருக்கிறது, குடிவருகிறவர்களும் இருக்கிறார்கள். அடிக்கடி தொண்டைப் புண் வந்து ஆறியவர்களுக்குக் குழிகள் அகன்றுபோகின்றன. அதனால்தான் சிறுபிள்ளைகளைவிடப் பெரியவர்களிடம் இதை அதிகம் பார்க்கிறோம்.

சிலருக்கு ஏதோ குத்துகிற உணர்ச்சி, சிலருக்கு வாய்க்கசப்பு. கல் இருப்பது தொண்டையில், வலிப்பது காதில் என்று வருகிறவர்களும் உண்டு. தொண்டைக்கும் நடுக்காதுக்கும் உணர்ச்சியைக் கொண்டுபோவது ஒன்பதாவது மூளை நரம்பு. எந்த முனையிலிருந்து தந்தி வந்தது என்று மூளைக்குச் சில நேரம் தெரிவதில்லை. காதுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டே இருப்பார்கள்.

சரி, என்ன செய்வது? ஒரு தம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு. தலையை அண்ணாந்து, தொண்டையில் சத்தம் வருகிற அளவுக்குக் கொப்பளியுங்கள். சாப்பிட்ட பிறகு, முக்கியமாக ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு. ஈறைக் கவனியுங்கள், நாக்கு வழிக்கும்போது முன்நாக்கோடு நிறுத்தாமல் பின்னாலும் வழியுங்கள். கல் குழியின் விளிம்பில் தெரிகிறது, குமட்டல் அதிகம் வராது என்றால், ஈரப்படுத்திய பட்ஸால் கல்லைக் குத்தாமல் அதன் பக்கத்துச் சதையை லேசாக அழுத்தினால் தானாக வெளியே உருண்டுவரும். ஒருமுறை வராவிட்டால் விட்டுவிடுங்கள். தொந்தரவு இல்லாத கல்லை எடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஹேர்பின், பின்னல் ஊசி, கரண்டிக் காம்பு இவற்றையெல்லாம் ஏன் கூடாது என்கிறேன் தெரியுமா? டான்சில் ரத்த ஓட்டம் மிகுந்த திசு. கீறினால் லேசில் நிற்காது. அதற்கும் பின்னால், ஓர் அங்குல தூரத்தில், மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனி ஓடுகிறது. கல்லூரிப் பெண் ஒருத்தி, ஏதோ வீடியோவைப் பார்த்துவிட்டு, குளியலறைக் கண்ணாடி முன் செல்போன் டார்ச்சை வாயில் அடித்துக்கொண்டு ஹேர்பினால் தோண்டியிருக்கிறாள். கல் வரவில்லை, வாய் நிறைய ரத்தம் வந்தது. அம்மாவுக்குத் தெரியாமல் தாவணியை வாயில் அடைத்துக்கொண்டு தோழியோடு ஆட்டோவில் வந்தாள். அவள் மறைக்க நினைத்தது கல்லையா, வாடையையா என்று கேட்டேன். "ரெண்டும்தான் சார்" என்றாள்.

செல்போன் டார்ச்சைப் பற்றி ஒரு வார்த்தை. அது வந்த பிறகு எனக்குப் புதுவகை நோயாளிகள் கிடைத்திருக்கிறார்கள். நாக்கை நன்றாக வெளியே நீட்டி, வெளிச்சம் அடித்துப் பார்த்தால், அடிநாக்கில் எட்டு முதல் பன்னிரண்டு உருண்டைகள் வரிசைகட்டி நிற்கும். சுவை மொட்டுகள் குடியிருக்கும் இடம் அது, பிறந்ததிலிருந்து இருக்கிறது. ராத்திரி பதினொரு மணிக்கு முதல்முறையாக அதைப் பார்த்துவிட்டு, விடிகிறவரை தூங்காமல் காலையில் முதல் டோக்கன் வாங்கி வருகிறார்கள். "எல்லோருக்கும் இருக்கு" என்றால் நம்புவதில்லை. கூட வந்தவரின் நாக்கை நீட்டச் சொல்லிக் காட்டினால் நம்புகிறார்கள்.

உப்புத் தண்ணீர் போதாமல், திரும்பத் திரும்பக் கல் வந்து, வாடையும் வலியும் படுத்துகிறது என்றால், லேசராலோ ரேடியோ அலை முறையிலோ அந்தக் குழிகளை மட்டும் தட்டையாக்கிவிடலாம். அதற்கும் அடங்காவிட்டால் டான்சிலையே எடுப்பது. அந்தக் கடைசிப் படிக்கு வரும்போது, இதுவரை நோயாளியின் கையைத் திட்டிக்கொண்டிருந்த நான், எங்கள் கையையும் கொஞ்சம் திட்டியாக வேண்டும்.

டான்சிலை எடுப்பது மிகப் பழைய வேலை. ரோமாபுரியின் செல்சஸ், முதல் நூற்றாண்டில், அதை விரலால் சுரண்டி எடுப்பதைப் பற்றி எழுதியிருக்கிறார். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அது மேலைநாடுகளில் ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வயது வந்தால் டான்சிலை எடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான். 1934-இல் நியூயார்க்கில் ஒரு சோதனை நடந்தது. பதினொரு வயதுப் பள்ளிப் பிள்ளைகள் 1,000 பேர். அவர்களில் 611 பேருக்கு ஏற்கெனவே டான்சில் எடுத்தாகிவிட்டது. மிச்சம் 389 பேரைப் பள்ளி மருத்துவர்களிடம் காட்டினார்கள். 174 பேருக்கு எடுத்துவிடுங்கள் என்றார்கள். வேண்டாம் என்று விடப்பட்ட 215 பேரை வேறு மருத்துவர்களிடம் காட்டினார்கள். அவர்கள் அதில் 99 பேருக்கு எடுக்கச் சொன்னார்கள். இரண்டு தடவை தப்பித்த 116 பேரை மூன்றாவது முறை காட்டியபோது 51 பேர் மாட்டிக்கொண்டார்கள். கடைசியில் மிஞ்சியது 65 பிள்ளைகள். அதற்குமேல் சோதனையை நடத்தவில்லை. காட்டுவதற்குப் புது மருத்துவர்கள் கிடைக்கவில்லை.

கணக்கைக் கவனியுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பத்தைந்து. முந்தைய சுற்றில் ஆரோக்கியம் என்று முத்திரை குத்தப்பட்ட பிள்ளைகளிலும் அதே நாற்பத்தைந்து. அப்படியானால் அந்த மருத்துவர்கள் பார்த்தது பிள்ளையின் தொண்டையை இல்லை. வருகிறவர்களில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்களுக்கு எடுக்க வேண்டும் என்று அவரவர் மனதில் இருந்த வழக்கத்தைத்தான். நான்கு ஆண்டு கழித்து இங்கிலாந்தில் கிளோவர் என்ற மருத்துவ அதிகாரி, மாவட்டம் மாவட்டமாகக் கணக்கெடுத்து அதையே வேறுவிதமாகச் சொன்னார். பக்கத்துப் பக்கத்து ஊர்களில், ஒரே மாதிரி தட்பவெப்பம், ஒரே மாதிரி ஜனங்கள், ஆனால் டான்சில் எடுத்த எண்ணிக்கையில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். லண்டனை ஒட்டிய ஹார்ன்ஸி என்ற ஊரில் பள்ளி மருத்துவர் மாறினார். ஆபரேஷன் எண்ணிக்கை சுமார் பத்தில் ஒரு பங்காக விழுந்தது. பிள்ளைகளுக்கு எதுவும் ஆகிவிடவில்லை. இது விளையாட்டுக் காரியமும் இல்லை. மயக்க மருந்தும் ரத்தப்போக்கும் ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைகளைக் கொண்டுபோயின. இளம்பிள்ளை வாதம் பரவும் பருவத்தில் டான்சில் எடுத்தால், அந்த நோய் மூச்சு, விழுங்கும் நரம்புகளையே தாக்கும் ஆபத்து கூடுகிறது என்று பிறகு தெரிந்தது.

இன்று எங்களுக்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. பிட்ஸ்பர்க்கில் ஜாக் பேரடைஸ் குழுவினர் 1984-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்தது. ஒரே ஆண்டில் ஏழு தடவை, அல்லது இரண்டு ஆண்டுகளில் ஆண்டுக்கு ஐந்து, அல்லது மூன்று ஆண்டுகளில் ஆண்டுக்கு மூன்று தடவை, மருத்துவர் பார்த்து எழுதிவைத்த கடுமையான தொண்டை அழற்சி. அதற்குக் குறைவென்றால் பொறுத்துப் பார்க்கலாம். குழந்தை தூக்கத்தில் மூச்சுத் திணறுகிறது என்பது வேறு கதை. அங்கே ஆபரேஷன் உண்மையிலேயே உதவும். உங்கள் பிள்ளைக்கு எடுக்கச் சொன்னால் எத்தனை தடவை காய்ச்சல் வந்தது என்று ஒரு நோட்டில் குறித்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள். நோட்டைப் பார்த்துக் கோபப்படுகிற டாக்டராக இருந்தால் இன்னொருவரையும் கேளுங்கள்.

வாய் நாற்றத்துக்கு வருகிறேன். டான்சில் கல் அதற்கு ஒரு காரணம்தான். பெரும்பாலும் காரணம் வாய்க்குள்ளேயே, பின்நாக்கிலும் ஈறுகளிலும் இருக்கிறது. 'வயித்துல புண்ணு, அதான் வாய் நாறுது' என்று வயிற்றின் மேல் பழியைப் போட்டு எண்டாஸ்கோபி வரை போனவர்கள், பல் டாக்டரிடம் போயிருக்க மாட்டார்கள். இந்தக் கூச்சத்தை நமக்குக் கற்றுக்கொடுத்ததில் வியாபாரத்துக்கும் பங்கு உண்டு. லிஸ்டரின் 1879-இல் அறுவை சிகிச்சைக் கிருமிநாசினியாகப் பிறந்தது. 1920-களில் அமெரிக்காவில் அதன் விளம்பரங்கள் கல்யாணமாகாத பெண்ணைப் படம் போட்டு, உன் வாய் நாற்றம்தான் காரணம், உன்னிடம் யாரும் சொல்ல மாட்டார்கள் என்று பயமுறுத்தின. விற்பனை பன்மடங்கானது. யாரும் சொல்ல மாட்டார்கள் என்பதில்தான் விஷம் இருக்கிறது. வாடை இருக்கிறவர் தெரியாமலே சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார். இல்லாத ஒருவர் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு, பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவர் மூக்கைச் சொறிந்தால்கூடத் தன்னால்தான் என்று ஒடுங்குகிறார். இரண்டாமவரைச் சோதித்தால் எதுவும் இருக்காது. அவருக்கு வேண்டியது மவுத்வாஷ் இல்லை, மனநல மருத்துவர். சந்தேகம் இருந்தால் மணிக்கட்டை நக்கி, காயவிட்டு, முகர்ந்து பாருங்கள். அதைவிட நல்லது, வீட்டில் உண்மை பேசும் ஒருவரைக் கேட்பது. பெரும்பாலும் பேரப்பிள்ளை கிடைக்கும்.

தாடைக்குக் கீழே விளையும் கல்லைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாப்பிட உட்கார்ந்ததும், அதிலும் ஊறுகாயைத் தொட்டதும், தாடைக்குக் கீழ் ஒரு பக்கம் புடைத்து வலிக்கும். சாப்பிட்டு முடித்துக் கொஞ்ச நேரத்தில் தானே வடிந்துவிடும். அது எச்சில் சுரப்பிக் கல். பெரும்பாலும் கீழ்த்தாடைச் சுரப்பியில்தான் வரும், ஏனென்றால் அங்கே எச்சில் கெட்டியாக இருக்கிறது, கீழிருந்து மேல் நோக்கியும் போக வேண்டியிருக்கிறது. நிறையத் தண்ணீர், பின்னாலிருந்து முன்னால் மெதுவாக நீவிவிடுவது, எலுமிச்சைத் துண்டு. சின்னக் கல் வந்துவிடும். காய்ச்சலும் சீழும் சேர்ந்தால் உடனே வர வேண்டும்.

இனி, எனக்கு மிகவும் பிடித்த கல். இதை யாரும் கண்ணால் பார்த்துத் தீப்பெட்டியில் கொண்டுவர முடியாது. மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவு, கால்சியம் கார்பனேட் படிகம். உங்கள் எல்லோருடைய உள்காதிலும் இருக்கிறது. தலை சாய்கிறதா, லிப்ட் மேலே போகிறதா என்று அந்தப் படிகங்களின் பாரத்தை வைத்துத்தான் உடம்பு அறிகிறது. வயதாகும்போதோ, தலையில் அடிபட்டாலோ சில படிகங்கள் தம் இடத்திலிருந்து கழன்று, பக்கத்தில் இருக்கும் அரைவட்டக் குழாய்க்குள் போய்விடுகின்றன. அந்தக் குழாய் தலை திரும்புவதை அளக்கும் கருவி. உள்ளே படிகம் உருண்டால், நீங்கள் சுற்றாமலே சுற்றுகிறீர்கள் என்று மூளைக்குச் சேதி போகும்.

எழுபது தாண்டிய ஆச்சி ஒருவரை மகன் கைத்தாங்கலாக அழைத்துவந்தார். சித்திரை வெயிலில் கழுத்தில் காலர் பட்டை. "கட்டில்ல வலப்பக்கமாத் திரும்பினா வீடே சுத்துது ஐயா. உத்தரமெல்லாம் ஓடுது. கண்ண மூடினாலும் விட மாட்டேங்குது." எவ்வளவு நேரம் என்று கேட்டேன். அரை நிமிஷம் இருக்கும் என்றார். கழுத்து எலும்புத் தேய்மானம் என்று சொல்லிப் பட்டை, பிரஷர் என்று சொல்லி மாத்திரை, ரத்தம் இல்லை என்று சொல்லி டானிக். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தே தூங்குகிறாராம். படுக்க பயம்.

அவரை மேசையில் உட்காரவைத்து, தலையை வலப்புறம் திருப்பிச் சடக்கென்று படுக்கவைத்தேன். இரண்டு மூன்று விநாடி எதுவும் இல்லை. பிறகு கருவிழிகள் துள்ளத் தொடங்கின, என் கையை இறுகப் பற்றிக்கொண்டார். லண்டனில் டிக்ஸ், ஹால்பைக் என்ற இருவர் 1952-இல் எழுதிவைத்த சோதனை இது. கண் துள்ளும் விதத்திலிருந்தே எந்தக் காது, எந்தக் குழாய் என்று தெரிந்துவிடும். அதன் பிறகு செய்வது, அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரத்து மருத்துவர் ஜான் எப்லி கண்டுபிடித்தது. தொங்கிய நிலையில் தலையைச் சற்று நேரம் வைத்து, மறுபக்கம் திருப்பி, பிறகு உடம்போடு ஒருக்களித்து மூக்கு தரையைப் பார்க்கவைத்து, உட்காரவைப்பது. படிகம் குழாயில் உருண்டு உருண்டு தன் பழைய அறைக்கே போய் விழுந்துவிடும். மருந்து இல்லை, ஊசி இல்லை, கத்தி இல்லை. எப்லி இதை 1980-இல் சொன்னபோது சக மருத்துவர்கள் நம்பவில்லை. பல ஆண்டு இழுபறிக்குப் பிறகு 1992-இல்தான் அவருடைய கட்டுரை அச்சேறியது. இன்று உலகம் முழுவதும் முதல் சிகிச்சை அதுதான். என்ன இருக்கிறது, எங்கே இருக்கிறது, எந்த வழியாகப் போயிற்று என்று தெரிந்துகொண்டு வைத்த கை அது. கை வைப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை.

ஆச்சியை மறுபடி படுக்கவைத்துப் பார்த்தேன். கண் அசையவில்லை. அவரே இன்னொரு தடவை வலப்பக்கம் புரண்டு பார்த்தார். மகன் பர்சை எடுத்தார். ஆச்சிக்கு மட்டும் திருப்தி இல்லை. "ஒரு ஊசியாவது போடப்படாதா?" என்றார். எல்லோருக்கும் ஒரே தடவையில் சரியாகும் என்று சொல்ல முடியாது. சிலருக்குத் திரும்ப வரும், திரும்பச் செய்ய வேண்டும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். தலைச்சுற்றலோடு பேச்சுக் குழறினால், பொருள் இரண்டாகத் தெரிந்தால், கை கால் மரத்தால், நிற்கவே முடியாவிட்டால் அது காது இல்லை, மூளை. படிகம் எது என்று பார்த்துக்கொண்டிருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

மூக்குக் கல் பெரும்பாலும் நாமே விதைத்தது. குழந்தை மூக்கில் ஒரு மணியையோ, ரப்பர் துண்டையோ, புளியங்கொட்டையையோ போட்டுக்கொள்கிறது. அடி விழும் என்று சொல்வதில்லை, பிறகு மறந்துவிடுகிறது. பல ஆண்டுகளில் அதன்மேல் சுண்ணாம்புச் சத்து படிந்து படிந்து கல்லாகிறது. அதற்கு முன்பே பிடித்துவிட ஒரு வழி இருக்கிறது: குழந்தைக்கு ஒரே ஒரு மூக்குத் துவாரத்தில் மட்டும், நாற்றத்தோடு சளி வந்தால், சளி மருந்து வாங்காதீர்கள். உள்ளே ஏதோ இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு தேடச் சொல்லுங்கள்.

பொருள் தெரிகிறதே என்று ஹேர்பினை விட்டால் அது இன்னும் உள்ளே போகும். அதற்கு ஓர் அழகான வைத்தியம் இருக்கிறது. 1965-இல் மருத்துவ இதழில் வந்தது, தாய் முத்தம் என்று பெயர். அம்மா குழந்தையின் வாயோடு வாய் வைத்து மூடி, பொருள் இல்லாத மூக்கை விரலால் அடைத்துக்கொண்டு, குழந்தையின் வாய்க்குள் பட்டென்று ஒருமுறை ஊத வேண்டும். பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குப் பொருள் மூக்கு வழியே தெறித்து வெளியே வந்துவிடுகிறது. முத்தம் கொடுப்பதாகச் சொன்னால் குழந்தையும் அடம்பிடிக்காது. முதல் தடவை மருத்துவர் பக்கத்தில் இருக்கும்போது செய்வது நல்லது. பட்டன் பேட்டரி மட்டும் இதற்கெல்லாம் விதிவிலக்கு. பொம்மையிலும் ரிமோட்டிலும் இருக்கும் அந்த வட்டச் சில்லு ஈரத்தில் பட்டதும் மின்சாரம் ஓடி, காரம் உண்டாகி, சதையை வெந்துபோகச் செய்யும். மூக்கின் நடுச்சுவரில் சில மணி நேரத்தில் ஓட்டை விழும். விழுங்கி உணவுக்குழாயில் மாட்டிக்கொண்டால் இரண்டு மணி நேரத்திலேயே பெரிய கேடு. அது தெரிந்தால் ராத்திரி, விடுமுறை என்று பார்க்கக் கூடாது.

தொக்கம் எடுக்கிறவர்களைப் பற்றி இந்த இடத்தில் சொல்லாமல் விட்டால் நீங்களே கேட்பீர்கள். குழந்தைக்குச் சோறு செரிக்காமல் நின்றுவிட்டது என்று ஊதி உறிஞ்சி, பழைய துணுக்கு ஒன்றைக் காட்டுவார்கள். உணவு தொண்டையில் வாரக்கணக்கில் நிற்காது. காட்டிய துணுக்கு வயிற்றிலிருந்து வரவில்லை என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

காதுக்கு வந்தால், குறும்பி அழுக்கே இல்லை. தூசியையும் பூச்சியையும் மறித்து, தோல் வறண்டுபோகாமல் காப்பது அது. செவிப்பறையில் தொடங்கி வெளிநோக்கி, நகம் வளருகிற வேகத்தில், காதுத் தோல் நகர்ந்துகொண்டே வந்து குறும்பியைத் தானே வெளியே தள்ளுகிறது. பட்ஸ் அதைத் திருப்பி உள்ளே தள்ளி இறுக்குகிறது. காதுக்குள் விடாதீர்கள் என்று பல பட்ஸ் பெட்டிகளிலேயே அச்சிட்டிருக்கிறார்கள், யாரும் படிப்பதில்லை. காதுக்குள் உயிரோடு பூச்சி போய்விட்டால், செவிப்பறையில் ஓட்டை இல்லாதவர்கள் சாதாரணச் சூட்டில் இருக்கும் தேங்காய் எண்ணெயை விட்டுப் பூச்சியை அடக்கிவிட்டு வாருங்கள். காய்ச்சிய எண்ணெய் வேண்டாம். காதுக்குள் வெந்துபோய் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பயறு, கொண்டைக்கடலை போயிருந்தால் எதையுமே ஊற்றாதீர்கள். தண்ணீர் பட்டால் ஊறிப் பருத்து அடைத்துக்கொள்ளும்.

எதெல்லாம் அற்பம் என்று இவ்வளவு நேரம் சொன்னேன். அற்பமில்லாததையும் சொல்லிவிட வேண்டும், முக்கியமாக வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்களுக்கும் பீடி, சிகரெட் பிடிக்கிறவர்களுக்கும். ஒரு பக்க டான்சில் மட்டும் பெரிதாகிக்கொண்டே போவது, மூன்று வாரமாகியும் ஆறாத புண், எச்சிலில் ரத்தம், கழுத்தில் வலியில்லாத கட்டி, சோறு இறங்க மறுப்பது, மாறிப்போன குரல். தொண்டையில் ஏதோ உருளுகிறது, ஆனால் சாப்பிடும்போது தெரியவில்லை என்றால் பெரும்பாலும் பயமில்லை. சாப்பிடும்போதுதான் அடைக்கிறது என்றால் தள்ளிப்போடாதீர்கள். அண்ணாச்சியின் தீப்பெட்டியைப் பார்த்துச் சிரித்துவிட்டு அனுப்பவில்லை. இரண்டு டான்சிலையும் கழுத்தையும் விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் உப்புத் தண்ணீர் என்று எழுதினேன்.

பேசிக்கொண்டிருக்கும்போதே துண்டுச்சீட்டுகள் வந்துவிட்டன. முதல் சீட்டு: 'காது குடையும்போது எனக்கு இருமல் வருகிறது. நெஞ்சுச் சளி காது வரை ஏறிவிட்டதா?' பெயர் போடவில்லை. சளி ஏறவில்லை ஐயா, அல்லது அம்மா. மூச்சுக்குழாயின் இருமலைக் கவனிக்கிற வேகஸ் நரம்பு, ஒரு சிறு கிளையைக் காதுத் துவாரத்துக்கும் அனுப்புகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆர்னால்டு என்ற ஜெர்மன் உடற்கூற்றியலாளர் விவரித்த நரம்பு. சிலருக்கு அது சற்றுக் கூர்மையாக இருக்கும். காதைத் தொட்டால் இருமுவார்கள். காரணம் தெரியாமல் மாதக்கணக்கில் இருமியவரின் காதில், செவிப்பறையைத் தொட்டுக்கொண்டிருந்த ஒரே ஒரு முடியை எடுத்ததும் இருமல் நின்றதும் உண்டு. நீங்கள் குடையாதபோதும் இருமல் வருகிறதென்றால் ஒருநாள் வந்து காதைக் காட்டுங்கள். குடையும்போது மட்டும்தான் என்றால், எதை வைத்துக் குடைகிறீர்கள் என்று அடுத்த சீட்டில் எழுதி அனுப்புங்கள்.